அளவையன் என்ற பெயரில்

ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் பகுதியில் இருந்த தமிழர்கள் யாரைக் கேட்டிருந்தாலும் கிருஷ்ணகுமாரியைப் பற்றி ஒரே மாதிரித்தான் சொல்லியிருப்பார்கள். அமைதியான பெண். கோயில் திருவிழாவுக்கு வடை சுட ஆள் தேவையென்றால் முதல் ஆளாக வந்து நிற்பாள். அரசியல் மட்டும் கதைக்க மாட்டாள். யாராவது வன்னி நிலவரத்தைத் தொடங்கினால் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாள்.

சொந்த ஊர் அளவெட்டி. 1991இல் யோகலிங்கத்தைக் கட்டி ஒஸ்லோவுக்கு வந்தவள். தகப்பன் அரசாங்க நில அளவையாளராக வன்னியில் வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறைகளில் அவரோடு ஜீப்பில் சுற்றியதால் அந்தப் பக்கத்துக் குளங்கள், மதகுகள், கடலேரிகள், எந்த மாதத்தில் எந்தப் பாதை சேறாகும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒஸ்லோவில் அந்த அறிவால் ஒரு பயனும் இருக்கவில்லை. இங்கே அவளுக்கு ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை. பின்னேர வக்த், அதாவது பின்னேர முறை; மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கி இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு விடுவார்கள். யோகலிங்கம் தபால் பிரிக்கும் இடத்தில் காலை வேலைக்குப் போவார். மகள் ராகவி பள்ளிக்கூடம் போய்விடுவாள். காலை எட்டிலிருந்து மத்தியானம் வரை வீட்டில் அவள் மட்டும் இருப்பாள்.

2003இல் வீட்டுக்குக் கணினி வந்தது. ‘திடல்’ என்றொரு தமிழ்க் கருத்துக்களம் அப்போது பெயர் எடுத்துக்கொண்டிருந்தது. கனடா, லண்டன், பாரிஸ், சுவிஸ் என்று எங்கெங்கோ இருந்தவர்கள் அங்கே வந்து எழுதுவார்கள். கிருஷ்ணகுமாரி வாசிக்க மட்டும் போவாள். ஒருநாள் யாரோ ஒரு குளத்தின் மதகு வீதிக்குத் தெற்கே இருப்பதாக எழுதியிருந்தார். அது வடக்கே. அவள் ‘குமாரி’ என்று பதிந்து ஒரு வரியில் திருத்தினாள். கால் மணி நேரத்துக்குள் மூன்று ஆண்கள் வந்தார்கள். ஒருவர் அவளுக்கு எத்தனை வயது என்று கேட்டார். இன்னொருவர், சமையல் குறிப்புப் பகுதி கீழே இருக்கிறது தங்கச்சி என்றார். மூன்றாமவர் தனிமடலில் படம் கேட்டார்.

அடுத்த கிழமை அவள் வேறொரு பெயரில் பதிந்தாள். ஊர் அளவெட்டி, தகப்பன் அளவையாளர். இரண்டையும் நினைத்து ‘அளவையன்’ என்று போட்டாள். அதே திருத்தத்தை அதே வசனத்தில் மறுபடி எழுதினாள். “விளக்கத்துக்கு நன்றி ஐயா” என்று ஏழு பேர் பதில் எழுதினார்கள்.

2006இல் சண்டை மறுபடி தொடங்கியது. திடலில் போர் நிலவரத்துக்கென்றே ஒரு பகுதி திறந்தார்கள். கிருஷ்ணகுமாரி காலையில் தேத்தண்ணியோடு இருந்து, கொழும்புச் செய்தியையும் வன்னிச் செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பாள். செய்மதி வரைபடத்தில் இடத்தைப் பார்ப்பாள். பிறகு எழுதுவாள். அவளுடைய கட்டுரைகள் எப்போதும் “நிலத்தைப் பாருங்கள்” என்றுதான் தொடங்கும். உணர்ச்சி வார்த்தைகள் இருக்காது. எங்கே காடு அடர்த்தி, எங்கே மழைக்குத் தண்ணீர் நிற்கும், கனரக வாகனம் எவ்வழியால் போகும் என்று எழுதுவாள். இராணுவம் பெரிய வீதியால் வராது, மேற்குக் கரையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும் என்று 2007இல் எழுதினாள். அடுத்த வருடம் அப்படித்தான் வந்தார்கள்.

அதோடு அளவையன் பெரிய ஆள் ஆனார். அவர் எழுதியதை மற்றத் தளங்கள் எடுத்துப் போட்டன. யோகலிங்கம் ஒவ்வொரு நாளும் காலைச் சாப்பாட்டுக்கு முன் அதை வாசித்துவிட்டுத்தான் வேலைக்கு வெளிக்கிடுவார். விடுமுறை நாட்களில் சாப்பாட்டு மேசையில் அவளுக்கே வாசித்துக் காட்டுவார்.

“இஞ்சேரும், அளவையன் என்ன எழுதியிருக்கிறார் எண்டு கேளும்.”

“ஆர் அவர்?”

“ஆருக்குத் தெரியும்? உள்ளுக்கை நிக்கிற ஆளாத்தான் இருக்கவேணும். வெளிநாட்டிலை இருந்துகொண்டு இப்பிடி எழுதேலாது.”

அவள் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். முதலில் விளையாட்டாகத்தான் சொல்லாமல் விட்டாள். பிறகு சொல்ல மனம் வரவில்லை. அளவையனைப் பற்றிக் கதைக்கும்போது யோகலிங்கத்தின் குரலில் ஒரு மரியாதை வரும். பதினாறு வருடத்தில் அவளிடம் அப்படி அவர் கதைத்ததில்லை. அது நானென்று சொன்னால் அந்த மரியாதை அவளிடம் வராது, அளவையனிடமிருந்தும் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

2008ஆம் ஆண்டு ஆனி மாதம் அவள் ஒரு கட்டுரை எழுதினாள். நிலத்தைப் பாருங்கள், மேற்குக் கரை முழுதும் போனால் கிளிநொச்சியைக் காப்பாற்ற முடியாது, சனத்துக்கு இப்போதே வழி விட வேண்டும். எழுதி முடித்து அனுப்பிவிட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தபோது இருநூறுக்கு மேல் பதில்கள். துரோகி என்றார்கள். கொழும்பில் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார்கள். களத்தை மேற்பார்க்கும் மட்டுநிறுத்துநர் கட்டுரையைத் தூக்கிவிட்டு, “அளவையன் அவர்களின் கணக்கு வேறு யாராலோ பயன்படுத்தப்பட்டிருக்கலாம்” என்று ஒரு குறிப்புப் போட்டிருந்தார்.

மூன்று நாள் அவள் கணினியைத் திறக்கவில்லை. நாலாம் நாள் திறந்து வேறொன்று எழுதினாள். இயக்கம் பின்வாங்குவது ஒரு திட்டம். இராணுவத்தை ஆழமாக உள்ளே விட்டு, வழங்கல் பாதை நீண்ட பிறகு மழைக்காலத்தில் அடிப்பார்கள். எழுதும்போதே அதில் பாதியை அவள் நம்பவில்லை. ஆனால் வாசித்தவர்கள் அழுதுகொண்டு வாசித்ததாக எழுதினார்கள். “இந்த ஒரு கட்டுரையால் இன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்” என்று மெல்பேணிலிருந்து ஒரு வயதான தாய் எழுதியிருந்தார்.

இரண்டு கிழமைக்குள் அந்தச் செய்தி வேறு உருவத்தில் திரும்பி வந்தது. லண்டன் வானொலி ஒன்றில் ஒரு ஆய்வாளர் அதையே தன் சொந்தக் கருத்தாகச் சொன்னார். ஒரு கனடாத் தளம் ‘களத்திலிருந்து கிடைத்த தகவல்’ என்று போட்டது. தமிழ்க் கடையில் கறிவேப்பிலை வாங்க நின்றபோது கடைக்காரர், “உள்ளை விட்டு அடிக்கப் போறாங்களாம், சுவிசிலை இருந்து மச்சான் சொன்னவர்” என்றார். மூன்று பக்கத்தாலும் ஒரே விஷயம் வந்தது. மூன்று பேருக்கும் தெரிந்திருந்தால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று கிருஷ்ணகுமாரி நினைத்தாள். தான் எழுதியதுதான் சுற்றி வருகிறது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. அதை நினைக்காமல் இருக்க முடிந்தது, அவ்வளவுதான். பிறகு எழுதும்போது அந்தத் தளங்களையே சான்றாகக் காட்டினாள்.

2009 தை மாதம் கிளிநொச்சி விழுந்தது. பதினாறு வயது ராகவி நோர்வேஜியப் பத்திரிகையின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, பிடிச்சிட்டாங்களாம். படம் போட்டிருக்கு.”

“அவங்கள் கொழும்பு குடுக்கிறதைத்தானே போடுவாங்கள்.”

“படமும் பொய்யே?”

“வெறும் ஊரைப் பிடிச்சிருப்பாங்கள். சனம், ஆயுதம் எல்லாம் பின்னுக்குப் போட்டுது.”

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வீட்டில் செய்தி சொல்வதை நிறுத்திவிட்டது. வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்றில் ஒரு போர் நடந்தது, மற்றதில் வேறொரு போர் நடந்தது. சாப்பாட்டு மேசையில் இரண்டையும் ஒருவரும் கதைக்கவில்லை.

முதியோர் இல்லத்தின் குசினியில் கிருஷ்ணகுமாரியோடு சிறிதேவி என்றொரு பெண் வேலை செய்தாள். ஐம்பது வயது இருக்கும். ஹவுகன்ஸ்டுவாவில் தனியாக இருந்தாள். அவளுக்கு அருட்பிரகாசம் என்று ஒரேயொரு தம்பி. மனைவி தங்கேஸ்வரியோடும் பத்து வயதுச் சேந்தனோடும் வன்னிக்குள் இடம்பெயர்ந்து திரிந்துகொண்டிருந்தான். எப்போதாவது செய்மதித் தொலைபேசி ஒன்றில் இரண்டு நிமிடம் எடுத்துக் கதைப்பான். சிறிதேவிக்குக் கணினி பார்க்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அளவையனின் கட்டுரைகளைத் தாளில் எடுத்துக் கொடுக்கும். மடித்துக் கைப்பைக்குள் வைத்திருப்பாள்.

மாசி மாத முதல் கிழமை அளவையன் ‘இன்னும் இரண்டு கிழமை’ என்று ஒரு கட்டுரை எழுதினார். பெரிய எதிர்த்தாக்குதல் ஒன்று வருகிறது; அதன் பிறகு உலக நாடுகள் தலையிட்டுப் போர்நிறுத்தம் வரும்; சனம் இப்போது இராணுவத்தின் பக்கம் போவதுதான் ஆபத்து. திடலில் அந்த ஆண்டு கூடுதலாக வாசிக்கப்பட்டது அதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை, இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது சிறிதேவி சொன்னாள்.

“தம்பி எடுத்தவன் குமாரி. அவன் நிக்கிற பக்கத்திலை கொஞ்சச் சனம் களவாய்க் கடலேரியாலை அங்காலை போகுதாம். தானும் போகட்டோ, வெளியிலை என்ன கதைக்கினம் எண்டு கேட்டான்.”

கிருஷ்ணகுமாரியின் கை நிற்கவில்லை. “நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“அளவையன் எழுதினதை வாசிச்சுக் காட்டினன். ரெண்டு கிழமைதானேயடா, பொறுத்துப் பார் எண்டன். பிழையே? நீர் என்ன நினைக்கிறீர்?”

குசினியில் காற்றிழுக்கும் இயந்திரம் பெரிய சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

“எனக்கு இதுகள் என்னக்கா தெரியும்?” என்றாள் கிருஷ்ணகுமாரி. பிறகு, “அவர் எழுதினால் சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

அந்த இரண்டு கிழமை போனது. இன்னும் எத்தனையோ கிழமைகள் போயின. சித்திரையில் தமிழர்கள் போரை நிறுத்தச் சொல்லி நோர்வேப் பாராளுமன்றத்துக்கு முன்னால் ஒவ்வொரு நாளும் நின்றார்கள். கிருஷ்ணகுமாரியும் வேலைக்கு முன் போய் நின்றாள். மற்றவர்கள் கத்தும்போது அவளும் வாயைத் திறந்து மூடினாள். சத்தம் வந்ததா என்று அவளுக்கு நினைவில்லை. காலையில் அளவையனாக எழுதுவதும் நிற்கவில்லை. வரைபடத்தில் மிஞ்சியிருந்த நிலம் அவளுடைய விரல் நகத்தால் மூடக்கூடிய அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதைப் பற்றியும் எழுத அவளுக்கு வசனங்கள் வந்தன.

வைகாசி, அதாவது மே பதினேழு, நோர்வேயின் தேசிய நாள். அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பிள்ளைகள் கொடி பிடித்துக்கொண்டு வாத்தியத்தோடு யன்னலுக்குக் கீழே போனார்கள். ராகவியும் பள்ளிக்கூட ஊர்வலத்துக்குப் போயிருந்தாள். ஒரு தளம் எல்லாம் முடிந்துவிட்டது என்றது. இன்னொரு தளம் அது பொய், எல்லாரும் பாதுகாப்பாக வெளியேறிவிட்டார்கள் என்றது. யோகலிங்கம் இரண்டாவதைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் புதுப்பித்தார். “அளவையன் இன்னும் ஒண்டும் எழுதேல்லை. அவர் எழுதினால் தெரிஞ்சிடும்” என்றார்.

அவள் சோறு வடித்தாள். அதற்குப் பிறகு அளவையன் ஒன்றுமே எழுதவில்லை.

சிறிதேவி வைகாசி நடுவிலிருந்து சுகவீன விடுப்பில் இருந்தாள். ஆவணி மாதம் வேலைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். இடைவேளை அறையில் பால் விடாத கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள். அருட்பிரகாசமும் சேந்தனும் கடைசிக் கிழமையில் ஒரே செல்லடியில் போய்விட்டார்கள். தங்கேஸ்வரி செட்டிகுளம் முகாமில் இருக்கிறாள். முகாமுக்குள் போன ஒருவர் மூலம் செய்தி வந்தது.

கிருஷ்ணகுமாரி அவளுடைய தோளில் கை வைத்தாள். அழுகை வரும் என்று பார்த்திருந்தாள். வரவில்லை. இரண்டரைக்கு சூப் வைக்க வேண்டும் என்ற நினைவுதான் வந்தது. இருவரும் எழும்பிப் போய் சூப் வைத்தார்கள்.

அடுத்த நாள் காலை, மூன்று மாதத்துக்குப் பிறகு, அவள் திடலைத் திறந்தாள். முதல் பக்கத்திலேயே ‘அளவையன் அவர்களுக்கு எமது வீரவணக்கம்’ என்று ஒரு கருத்துத் திரி இருந்தது. நாற்பத்தொரு பக்கம். வைகாசி பதினாறு வரை களத்தில் நின்று எழுதிய அளவையன் அங்கேயே வீழ்ந்துவிட்டார் என்று யாரோ எழுதியிருந்தார்கள். நம்பகமான இடத்திலிருந்து தெரியும் என்றார் இன்னொருவர். அவரோடு ஒரே பதுங்கு குழியில் இருந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். கடலேரிக்கு முன்னால் முதுகு காட்டி நிற்கும் ஒரு ஆணின் நிழற்படம் போட்டு, கீழே பிறந்த ஊர், இறந்த நாள் எல்லாம் எழுதியிருந்தார்கள். இருபத்தெட்டாம் பக்கத்தில் யோகலிங்கம் தன் சொந்தப் பெயரில் எழுதியிருந்தார். “உங்கள் எழுத்தைத்தான் என் மனைவிக்கு வாசித்துக் காட்டுவேன். இனி என்னத்தை வாசிப்பேன்?”

கிருஷ்ணகுமாரி உள்நுழைந்து எழுதினாள். “அளவையன் எழுதுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன். நான் களத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. நான் எழுதியவற்றில் பல பிழை. ‘இன்னும் இரண்டு கிழமை’ முழுப் பிழை.”

ஒன்பது நிமிடத்தில் பதில் வரத் தொடங்கியது. செத்தவரின் கடவுச்சொல்லைப் பிடித்து எழுதும் நாய்கள் என்று ஒருவர் எழுதினார். புலனாய்வுக்காரர் வந்துவிட்டார்கள், கவனம் என்று இன்னொருவர். “இவனுக்கு அளவையனின் தமிழ்கூட வராது” என்றார் மற்றொருவர். மட்டுநிறுத்துநர் கணக்கை நிரந்தரமாகப் பூட்டினார். அவள் எழுதியதும் மறைந்துவிட்டது. நேரத்தைப் பார்த்தாள். பத்து மணி. துணி காயப்போட இருந்தது.

புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை பகல், தே-பானா என்ற நிலக்கீழ் ரயிலும் பஸ்சும் பிடித்து ஹவுகன்ஸ்டுவாவுக்குப் போனாள். சிறிதேவியின் வரவேற்பறைத் தட்டில் அருட்பிரகாசத்தின் படமும் சேந்தனின் பள்ளிக்கூடப் படமும் மாலை போட்டு இருந்தன. மின்விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. மூன்றாவதாக, பிளாஸ்டிக் சட்டத்துக்குள், கடலேரிக்கு முன்னால் முதுகு காட்டி நிற்கும் அந்த ஆணின் படம் இருந்தது.

கிருஷ்ணகுமாரி இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாள்.

“அக்கா, அளவையன் எண்டு எழுதினது நான்.”

“என்ன?”

“ரெண்டு கிழமை பொறுங்கோ எண்டு எழுதினது. நான்தான். எல்லிங்ஸ்ருட்டிலை என்ரை மேசையிலை இருந்து எழுதினனான்.”

சிறிதேவி அவளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு கிட்ட வந்து நெற்றியில் கை வைத்தாள்.

“உமக்கு நித்திரையில்லைப் போல குமாரி.”

“உண்மையாச் சொல்லுறன் அக்கா.”

“அவர் கடைசி மட்டும் நிண்டு செத்தவர். இணையத்திலை படத்தோடை போட்டிருக்கு. அவரோடை நிண்ட ஆக்களே எழுதியிருக்கினம்.” சிறிதேவி தட்டைப் பார்த்தாள். “எனக்கு அவரிலை கோவமில்லை. அவரும் நம்பித்தானே எழுதினவர்? தானும் அங்கை நிண்டவர். அதாலைதான் எனக்குக் கோவம் வரேல்லை. இஞ்சை சுகமா இருந்துகொண்டு ஆரும் எழுதியிருந்தால்…”

நிறுத்தினாள்.

“எழுதியிருந்தால்?” என்று கேட்டாள் கிருஷ்ணகுமாரி.

“அப்பிடி ஒருத்தரும் செய்ய மாட்டினம். இரும், தேத்தண்ணி போடுறன். திங்கக்கிழமை டொக்டரிட்டைப் போய் ஒரு கிழமை லீவு எடும். எனக்கும் உப்பிடித்தான் இருந்தது. நடக்காததெல்லாம் நான்தான் செய்தனான் எண்டு தோன்றும்.”

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அவள் திரும்பி வந்தாள். இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். கட்டுரைகளின் கையெழுத்துக் குறிப்புகள் வீட்டில் இருந்தன, கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். இரக்கத்தால் விட்டாளா, பயத்தால் விட்டாளா என்று பஸ்சில் யோசித்துப் பார்த்தாள். இரண்டில் ஒன்றையும் அவளால் உணர முடியவில்லை.

அன்று பின்னேரம் யோகலிங்கத்திடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. கணினியைத் திறந்து பழைய கட்டுரைகளின் திகதிகளைப் பார்த்துக்கொண்டு போனார்.

“போன வருசம் ஆடியிலை பத்து நாள் அளவையன் எழுதேல்லை” என்றார்.

“ஓம்.”

“நாங்கள் டென்மார்க் போன பத்து நாள்.”

“ஓம்.”

கணினியை மூடிவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆரிட்டையும் சொல்லாதையும்” என்றார்.

“சிறிதேவியக்காவிட்டைச் சொல்லிப்போட்டன். அவ நம்பேல்லை.”

“நல்லது. சனத்துக்கு ஒண்டும் மிஞ்சேல்லை. அந்தாளையும் ஏன் பறிக்கவேணும்?”

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. சாப்பாட்டு மேசையில் வாசிப்பதும் நின்றது. உப்பை எடுத்துத் தரச் சொல்லும்போதுகூட வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்பதுபோலக் கேட்டார். ராகவிக்கு என்ன தெரியும் என்று இருவருக்கும் தெரியாது. மார்கழியில் ஒருநாள் அந்தப் பிள்ளை, “அம்மா, நீங்கள் இப்ப காலமையிலை என்ன செய்யிறீங்கள்?” என்று கேட்டது. “ஒண்டுமில்லை” என்றாள். அது உண்மை.

அந்த மாதம்தான் தங்கேஸ்வரியை முகாமிலிருந்து விட்டார்கள். வவுனியாவில் உறவினர் வீட்டில் இருந்தாள். ஒஸ்லோவில் ஒரு நோர்வேஜிய அமைப்பு, இறந்தவர்களின் விபரங்களைக் குடும்பத்தவர்களிடமிருந்து படிவத்தில் திரட்டிக்கொண்டிருந்தது. சிறிதேவிக்கு நோர்வேஜியம் வாசிக்க வரும், எழுத வராது. கிருஷ்ணகுமாரியை வரச் சொன்னாள்.

மறுபடியும் அதே வரவேற்பறை. தொலைபேசியை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார்கள். தங்கேஸ்வரியின் குரல் தூரத்திலிருந்து, ஆனால் தெளிவாக வந்தது. பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதியாயிற்று.

“திகதி?” என்று கேட்டாள் கிருஷ்ணகுமாரி.

“திகதி தெரியாது. சேந்தனுக்குக் காய்ச்சல் வந்து மூண்டாம் நாள்.”

“இடம்?”

“இடத்தின்ரை பேரும் தெரியாது. ஒரு பக்கம் றோட்டு, மற்றப் பக்கம் கடல். பனங்கூடல் ஒண்டு எரிஞ்சுகொண்டு நிண்டது.”

கிருஷ்ணகுமாரிக்கு அந்த இடத்தின் பெயர் தெரியும். அந்த மாதத்தில் மிஞ்சியிருந்த ஒவ்வொரு துண்டு நிலத்தின் பெயரும் தெரியும். படிவத்தில் தங்கேஸ்வரி சொன்னதை மட்டும் எழுதினாள். பெயர் தெரியாது, ஒரு பக்கம் வீதி, மற்றப் பக்கம் கடல்.

சிறிதேவி தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்தாள். “தங்கா, மாசியிலை நான் சொன்னதாலைதானே அவன் நிண்டவன்?”



“நீங்கள் சொன்னதும்தான் மச்சாள். என்ரை அம்மாவுக்கு நடக்கேலாது, அவவை விட்டிட்டுப் போகவும் மனமில்லை. பிடிபட்டால் சுடுவாங்கள் எண்ட பயமும் இருந்தது. ஆனால் நீங்கள் ரெண்டு கிழமை எண்டாப் பிறகு, கட்டின பையை அவிட்டுப்போட்டார். அது எனக்கு நல்ல ஞாபகம்.”

தொலைபேசி வைத்த பிறகு, படிவத்தின் கடைசியில் ‘வேறு விபரங்கள்’ என்று ஒரு பெட்டி இருந்தது. கிருஷ்ணகுமாரி அதில் ஐந்து வரி எழுதினாள். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள்.

“மாசி முதல் கிழமையில் இந்தக் குடும்பம் வெளியேறத் தயாராக இருந்தது. வெளியேற வேண்டாம் என்று இணையத்தில் வந்த ஒரு கட்டுரை தொலைபேசியில் வாசித்துக் காட்டப்பட்டது. அவர்கள் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். கட்டுரையில் இருந்தது உண்மையில்லை. எழுதியவர் கிருஷ்ணகுமாரி யோகலிங்கம், எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ.”

சிறிதேவி தாளை வாங்கினாள். நோர்வேஜியத்தில் அந்தப் பெயர் இருந்த வரியை விரலால் தொட்டுத் தானே எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு தட்டில் இருந்த மூன்றாவது படத்தைப் பார்த்தாள். அதை எடுக்கவுமில்லை, திருப்பி வைக்கவுமில்லை. பேனையை எடுத்துப் படிவத்தின் கீழே கையெழுத்து வைத்தாள்.

“நானே தபாலிலை போடுறன்” என்றாள். “நீர் போம் குமாரி.”

தை மாதத்திலிருந்து சிறிதேவி காலை வக்துக்கு மாறிவிட்டாள். இரண்டு மணிக்கு ஒருவர் போக மற்றவர் வரும்போது குசினி வாசலில் சந்திப்பார்கள். மேலங்கியைக் கழற்றிக்கொண்டே சிறிதேவி அன்றைய அலுவலைச் சொல்லிவிட்டுப் போவாள். மூன்றாம் மாடிக்கு உப்பில்லாமல். இரண்டாம் மாடியில் புதிதாக ஒருவர், அவருக்கு எல்லாம் மசித்துக் கொடுக்க வேண்டும். கிருஷ்ணகுமாரி ஓம் அக்கா என்பாள்.